மாலையா, கூட்டமா, மௌனமா: குடியை விட நினைப்பவர் எதை முதலில் எடுப்பது?

கார்த்திகை முதல் தேதி நெருங்கினால் பல வீடுகளில் இந்தப் பேச்சு எழும்: "இந்த வருஷம் மாலை போட்டுட்டா குடி தானா நின்னுடும்." நிற்கும். பெரும்பாலானோருக்கு 48 நாளும் நிற்கத்தான் செய்கிறது. 49-ஆம் நாள் சாயங்காலம் ஏழு மணிக்கு அந்த மனிதர் எங்கே இருப்பார் என்பதைத்தான் யாரும் யோசிப்பதில்லை.

ஆன்மிக வழியில் குடியை விட நினைக்கும் ஒருவருக்குத் தமிழ்நாட்டில் எளிதில் எட்டுகிற வழிகள் மூன்று. ஐயப்பனுக்கோ வேறு சாமிக்கோ மாலை போட்டு விரதம் இருப்பது ஒன்று. ஏஏ என்று சுருக்கமாகச் சொல்லப்படும் ஆல்கஹாலிக்ஸ் அனானிமஸ் கூட்டங்களுக்குப் போவது இன்னொன்று. விபஸ்ஸனா போன்ற மௌனத் தியான முகாம் மூன்றாவது. எது சிறந்தது என்று கேட்டால் பதில் கிடைக்காது. குடியை நிறுத்துவது ஒரு வேலை, நிறுத்தியது நிலைப்பது வேறு வேலை, நிறுத்திய பிறகும் உள்ளே அடங்காத கொந்தளிப்பு அடங்குவது மூன்றாவது வேலை. எந்த வழி எந்த வேலைக்கு என்று தெரியாமல் எடுப்பதால்தான் நல்ல வழிகளும் கைவிட்டுப் போகின்றன.

அதற்கெல்லாம் முன்னால் ஒரு வாரம் இருக்கிறது. அந்த ஒரு வாரம் ஆன்மிகத்துக்கு உரியதல்ல, மருத்துவருக்கு உரியது.

முதல் வாரம்

தினமும் குடிப்பவர், காலையில் ஒரு கட்டிங் போட்டால்தான் கை நடுக்கம் நிற்கிறது என்பவர், முன்பு ஒருமுறை நிறுத்தியபோது வலிப்பு வந்தவர் ஆகியோர் திடீரென்று நிறுத்தக் கூடாது. கடைசியாகக் குடித்த 6 முதல் 8 மணி நேரத்தில் நடுக்கம், வியர்வை, குமட்டல், படபடப்பு தொடங்கும். வலிப்பு வருமானால் பெரும்பாலும் முதல் 48 மணி நேரத்துக்குள் வரும். இரண்டாம் நாளுக்கும் நான்காம் நாளுக்கும் இடையே சிலருக்கு நினைவு தடுமாறி, இல்லாத பூச்சிகளும் ஆட்களும் கண்ணில் தெரியும், காதில் குரல் கேட்கும். மருத்துவர்கள் இதை டெலிரியம் ட்ரெமன்ஸ் என்கிறார்கள். கவனிக்காமல் விட்டால் உயிர் போகும். மாலை போட்ட மூன்றாம் நாள் ஒருவர் இப்படிப் பேசினால் சாமி வந்துவிட்டது என்று நினைத்து வீட்டார் திருநீறு பூசிக் காத்திருப்பார்கள். அந்த நேரத்தில் 108-ஐ அழைப்பதுதான் பக்தி.

ஆகவே கார்த்திகை ஒன்றாம் தேதி, அதாவது நவம்பர் 16 அல்லது 17, மாலை போட வேண்டுமென்றால் ஐப்பசியின் கடைசிப் பத்து நாளுக்குள் மருத்துவரைப் பார்த்துவிட வேண்டும். அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனைகளின் மனநலப் பிரிவில் இந்தச் சிகிச்சை உண்டு. குளோர்டையசெப்பாக்சைடு போன்ற மாத்திரையைக் கொடுத்து ஐந்து முதல் ஏழு நாளில் படிப்படியாகக் குறைப்பார்கள். கல்லீரல் கெட்டிருந்தால் லோரசெபாம் தருவார்கள். இந்த மாத்திரைகளுக்கும் பழக்கம் ஏற்படும் என்பதால் கடையில் வாங்கிச் சொந்தமாகப் போடக் கூடாது.

கூடவே தையமின், அதாவது பி1 வைட்டமின். தெருமுனை கிளினிக்குக்குப் போய் "உடம்புக்கு முடியல, ஒரு குளுக்கோஸ் ஏத்துங்க" என்று கேட்பது நம் ஊர் வழக்கம். நீண்ட நாள் சரியாகச் சாப்பிடாமல் குடித்தவருக்குத் தையமின் போடாமல் குளுக்கோஸ் ஏற்றினால் மிச்சமிருக்கும் பி1-உம் தீர்ந்து மூளை பாதிக்கப்படலாம். குடிப்பழக்கத்தை மறைக்காமல் சொன்னால்தான் ஊசி போடுபவருக்கு இது நினைவுக்கு வரும்.

இந்த ஏழு நாளில் உபவாசம், ஒருவேளைச் சாப்பாடு, விடியற்காலைப் பச்சைத் தண்ணீர்க் குளியல் எதுவும் வேண்டாம். கஞ்சி, மோர், பழம், தூக்கம் போதும்.

மாலை

குடிப்பழக்கத்தின் எல்லா முனைகளையும் ஒரே நாளில் வெட்டும் ஆற்றல் மாலைக்கு இருப்பதுபோல் வேறு எதற்கும் இல்லை. காரணத்தைக் கொஞ்சம் பிரித்துப் பார்த்தால் தெரியும். துளசி மணியோ உருத்திராட்சமோ கழுத்தில் ஏறிய நிமிடத்தில் ஆளின் பெயரே மாறுகிறது. நேற்றுவரை "மச்சி, வர்றியா" என்றவன் இன்று "சாமி" என்கிறான். கூடக் குடித்தவர்களே ஊற்றித் தர அஞ்சுவார்கள். கருப்போ நீலமோ காவியோ கட்டியவர் டாஸ்மாக் வரிசையில் நின்றால் ஊரே பார்க்கும். வீட்டில் தனிப் பாய், தனிப் பாத்திரம், அசைவம் இல்லாத சமையல் என்று மொத்தக் குடும்பமும் விரதத்துக்குள் வந்துவிடுகிறது. எல்லாவற்றையும்விட முக்கியமானது நேரம். கடை பகல் 12 மணிக்குத் திறந்து இரவு 10 மணிக்கு மூடுகிறது. தவிப்பு உச்சத்தில் இருக்கும் ஆறிலிருந்து ஒன்பது மணிவரை மாலை போட்டவர் குளித்து, விளக்கேற்றி, சரணம் சொல்லி, பஜனையில் உட்கார்ந்திருக்கிறார். குடிக்கும் நேரத்தில் வேறொன்றைப் பொருத்தினால் பழக்கம் தளரும் என்று ஆலோசகர்கள் சொல்வதை விரதம் பெயர் வைக்காமலே செய்கிறது. பழநிப் பாதயாத்திரை, குலசேகரன்பட்டினம் தசரா, மேல்மருவத்தூர் சக்தி மாலை, வேளாங்கண்ணி நடைப்பயணம், கத்தோலிக்கரின் தவக்காலம் ஆகியவற்றுக்கும் இது பொருந்தும்.

பலவீனமும் அதே இடத்தில் இருக்கிறது. வேலி வெளியிலிருந்து போடப்பட்டது, அதற்கு முடிவுத் தேதியும் உண்டு. மாலையைக் கழற்றியதும் பெயர் போகிறது, பஜனை போகிறது, வீட்டின் கட்டுப்பாடு போகிறது, ஏழு மணி திரும்பி வருகிறது. குடிக்கத் தூண்டிய கடனும், மனைவியோடு பேச்சில்லாத நிலையும், தூக்கமின்மையும் அப்படியே இருக்கின்றன. போதாததற்கு "48 நாள் இருந்தேனே, நினைச்சா எப்ப வேணா நிறுத்துவேன்" என்ற எண்ணம் வேறு வளர்ந்திருக்கும். குடிநோய்க்கு அதைவிட வளமான மண் கிடையாது. திரும்பி வரும் வண்டியிலேயே பாட்டில் உடைபடுவது இதனால்தான். ஒரு மண்டலம் ஓய்ந்த உடலுக்குப் பழைய அளவைத் தாங்கும் சக்தியும் குறைந்திருக்கும். முன்பு குடித்த அதே இரண்டு குவார்ட்டரை இப்போது குடித்தால் விபத்தும் வாந்தியும் புரையேறலும் வரும் வாய்ப்பு அதிகம்.

மாலை போடுபவர் செய்ய வேண்டியது 49-ஆம் நாளை முதல் நாளுக்கு முன்பே தீர்மானிப்பது. குருசாமியிடம் உண்மையைச் சொல்ல வேண்டும்: "யாத்திரைக்காக மட்டும் இல்லை சாமி, குடியை விடத்தான் போடுகிறேன்." நல்ல குருசாமி என்றால் மலையிலிருந்து இறங்கிய பிறகும் வாரம் ஒருநாள் பஜனைக்குக் கூப்பிடுவார். முப்பதாம் நாளுக்குள், மாலை கழுத்தில் இருக்கும்போதே, ஒரு ஏஏ கூட்டத்தில் போய் உட்கார்ந்துவிட வேண்டும். கழற்றிய பிறகு போகலாம் என்று தள்ளிப்போட்டவர்கள் பெரும்பாலும் போவதில்லை. மாலை கழற்றும் சடங்கை ஊர் வந்து, வீட்டுப் பூஜையறையில், அம்மா அல்லது மனைவி முன்னால் செய்வது மலையடிவாரத்தில் கூட்டாளிகளோடு செய்வதைவிடப் பாதுகாப்பானது.

அண்மைக்காலமாக மூன்று நாள், ஒரு வாரம் என்று மாலை போட்டுக்கொண்டு மலைக்குப் போகிறவர்கள் உண்டு. தரிசனத்துக்கு அது போதுமா என்பதை குருசாமிகள் பேசிக்கொள்ளட்டும். குடியை விட அது போதாது.

கூட்டம்

ஏஏ 1935-இல் அமெரிக்காவின் ஓஹையோ மாநிலத்து அக்ரன் நகரில் தொடங்கியது. பில் வில்சன் என்ற பங்குச்சந்தைக்காரரும் பாப் ஸ்மித் என்ற அறுவை மருத்துவரும், இரண்டு குடிநோயாளிகள், ஒருவரோடொருவர் பேசிக்கொண்டே குடிக்காமல் இருந்தார்கள். அதுதான் மொத்த முறையும். இந்தியாவுக்கு 1957-இல் வந்தது. கட்டணம் கிடையாது, தொப்பியோ டப்பாவோ சுற்றி வரும், விருப்பமிருந்தால் போடலாம். வெளியாரிடம் நன்கொடை வாங்க மாட்டார்கள். கூட்டம் ஒன்று அல்லது ஒன்றரை மணி நேரம். ஒருவர் தன் பெயரைச் சொல்லி, "நான் ஒரு குடிநோயாளி" என்று தொடங்கிப் பேசுவார். குறுக்கே யாரும் அறிவுரை சொல்ல மாட்டார்கள். முதல் நாள் பேசாமல் உட்கார்ந்திருந்தாலும் போதும்.

இதில் ஆன்மிகம் எங்கே என்றால், பன்னிரண்டு படிகளில் இருக்கிறது. தன்னால் முடியவில்லை என்று ஒப்புக்கொள்வது, தன்னைவிடப் பெரிய ஒன்றிடம் பொறுப்பை விடுவது, தன் குறைகளை எழுதி இன்னொருவரிடம் வாய்விட்டுச் சொல்வது, தீங்கு செய்தவர்களிடம் ஈடு செய்வது, தினமும் தியானமும் பிரார்த்தனையும், பிறகு அடுத்த குடிநோயாளிக்கு உதவுவது. மனநல மருத்துவர் கார்ல் யுங் 1961 ஜனவரியில் பில் வில்சனுக்கு எழுதிய கடிதத்தில் மதுவுக்கும் ஆன்மாவுக்கும் லத்தீனில் ஒரே சொல்தான் என்று காட்டி, குடிவெறி என்பது தாழ்ந்த தளத்தில் நடக்கும் ஆன்மிகத் தாகம் என்ற பொருளில் சொன்னார். படிகள் அந்தத் தாகத்தைத்தான் குறிவைக்கின்றன.

நம் ஊரில் இரண்டு தயக்கங்கள் வரும். கூட்டங்கள் பல இடங்களில் தேவாலய வளாகத்தில் நடப்பதால் மதமாற்றமோ என்ற சந்தேகம் முதலாவது. அது வெறும் இடவசதி. பள்ளிக்கூட அறையிலும் நடக்கும். படிகளில் வரும் கடவுள் அவரவர் புரிந்துகொண்ட கடவுள். முருகனாக இருக்கலாம், அல்லாவாக இருக்கலாம். சாமி இல்லை என்பவர் அந்தக் கூட்டத்தையே தன்னைவிடப் பெரிய சக்தியாக வைத்துக்கொள்ளலாம். அப்படிச் செய்பவர்களும் மீள்கிறார்கள். ஊருக்குத் தெரிந்துவிடுமே என்பது இரண்டாவது தயக்கம். அங்கே வருபவர் எல்லோரும் அதே கவலையோடு வந்தவர்கள்தான். தவிர, குடித்தது ஊருக்கு ஏற்கெனவே தெரியும்.

பலன் என்ன? மருத்துவ ஆய்வுகளைத் தொகுத்து மதிப்பிடும் காக்ரேன் அமைப்பு 2020-இல் வெளியிட்ட தொகுப்பு 27 ஆய்வுகளையும் பத்தாயிரத்துக்கு மேற்பட்டவர்களையும் எடுத்துப் பார்த்தது. முறையாக ஏஏ வழியில் கொண்டுசெல்லப்பட்டவர்களில் ஓராண்டு முடிவில் முழுதாகக் குடிக்காமல் இருந்தவர்கள் 42 சதவீதம். மற்ற உளவியல் சிகிச்சைகளில் 35 சதவீதம். பாதிக்குமேல் இங்கும் தடுமாறுகிறார்கள் என்பதையும் சேர்த்தே இந்த எண்ணைப் படிக்க வேண்டும். ஆனால் காசில்லாமல், ஆயுள் முழுக்கக் கிடைக்கும் ஒன்றுக்கு இது பெரிய எண்.

தடுமாறுவதற்கான காரணங்களும் தெரிந்தவையே. மாதம் ஒருமுறை போய்விட்டு ஏஏ சரிப்படவில்லை என்பார்கள். முதல் 90 நாளில் 90 கூட்டம் என்பது பழைய உறுப்பினர்கள் தரும் கணக்கு. உள்ளூரில் தினமும் கூட்டம் இல்லையென்றால் இணையவழிக் கூட்டமும் தொலைபேசியும் அந்த இடைவெளியை நிரப்பும். ஸ்பான்சர், அதாவது பல ஆண்டு குடிக்காமல் இருந்து வழிகாட்டும் மூத்தவர், ஒருவரைப் பிடிக்காமலே இருப்பது இன்னொரு தவறு. நான்காம் படியை எழுதாமல் தாண்டுவார்கள். யார்மேல் கோபம், எதற்காக, அதனால் என்னில் எது அடிபட்டது, இதில் என் பங்கு என்ன என்று நான்கு கட்டம் போட்டு எழுதுவது அது. கடைசிக் கட்டம்தான் கசக்கும், மருந்தும் அதில்தான் இருக்கிறது. இதற்கு நேர்மாறாக, குடியை நிறுத்திப் பத்தே நாளில் ஒன்பதாம் படிக்குத் தாவி மச்சினர் வீட்டு வாசலில் மன்னிப்புக் கேட்கப் போய், அங்கே சண்டையாகி, நேராகக் கடைக்குப் போவார்கள். எட்டுப் படி ஏறாமல் ஒன்பது இல்லை.

உறுப்பினர் யாராவது "மாத்திரையை நிறுத்து, படி போதும்" என்றால் கேட்க வேண்டாம். ஏஏ-வின் நிலைப்பாடு அதுவல்ல. மருந்து மருத்துவரின் வேலை என்பதே அவர்கள் கொள்கை.

வீட்டாருக்கு 1951 முதல் அல்-அனான் என்ற தனி அமைப்பு இருக்கிறது. கணவர் கூட்டத்துக்கு வர மறுத்தாலும் மனைவி தனியாக அங்கே போகலாம். சென்னையில் 1980-இல் சாந்தி ரங்கநாதன் தொடங்கிய டி.டி.ரங்கநாதன் அறக்கட்டளையின் மருத்துவமனையும் குடும்பத்தாருக்குத் தனிச் சிகிச்சைத் திட்டம் வைத்திருக்கிறது. குடிப்பவரின் கடனை அடைப்பது, அலுவலகத்துக்குப் பொய்க் காரணம் சொல்வது, பாட்டிலைத் தேடி ஊற்றுவது என்று ஓடி ஓடிக் களைத்தவருக்கும் அமைதி வேண்டும் அல்லவா.

மௌனம்

சத்ய நாராயண் கோயங்கா மரபில் வரும் பத்து நாள் விபஸ்ஸனா முகாமுக்கும் கட்டணம் இல்லை; முடித்தவர்கள் தரும் நன்கொடையில் நடக்கிறது. தாய்மையம் மகாராஷ்டிரத்து இகத்புரியில் இருக்கிறது. சென்னைப் புறநகர் திருமுடிவாக்கத்தில் தம்ம சேது மையம் உண்டு. விடியற்காலை 4 மணிக்கு மணி அடிக்கும். நாளுக்குச் சுமார் பத்து மணி நேரம் அமர்வு. முதல் மூன்று நாள் மூச்சை மட்டும் கவனிப்பது. நான்காம் நாளிலிருந்து உடலெங்கும் எழும் உணர்ச்சிகளை எதிர்வினை காட்டாமல் பார்ப்பது. பத்தாம் நாள்வரை பேச்சில்லை, செல்போன் இல்லை.

குடித் தவிப்புக்கு இது நேரான பயிற்சி. தவிப்பு என்பது வயிற்றில் ஓர் இழுப்பு, தொண்டையில் வறட்சி, மார்பில் படபடப்பு. அலைபோல ஏறி, ஊட்டாமல் விட்டால் பெரும்பாலும் அரை மணிக்குள் இறங்கும். இதை அறிந்தவருக்கு அது உத்தரவாகத் தெரிவதில்லை, உடலில் நடக்கும் ஒரு சம்பவமாகத் தெரிகிறது. வாஷிங்டன் பல்கலைக்கழக உளவியலாளர் ஆலன் மார்லட் இதை அலைமேல் சறுக்குவது என்றார். அவர் குழு விபஸ்ஸனாவிலிருந்து எடுத்து எட்டு வாரப் பயிற்சியாக அமைத்த முறையை 286 பேரிடம் சோதித்த ஆய்வு 2014-இல் வெளிவந்தது. ஓராண்டு முடிவில் தியானம் கற்றவர்கள் மற்றப் பிரிவினரைவிடக் குறைந்த நாள்களே போதைப்பொருளைத் தொட்டிருந்தார்கள், அளவுமீறிக் குடித்த நாளும் குறைவு. கவனிக்க வேண்டிய இடம்: அவர்கள் அனைவரும் முதற்கட்டச் சிகிச்சையை முடித்துவிட்டு வந்தவர்கள். பெங்களூரு நிம்ஹான்ஸ் மனநல மருத்துவமனையில் சுதர்சன கிரியா மூச்சுப் பயிற்சியைக் குடிநோயாளிகள் 60 பேரிடம் சோதித்து 2006-இல் வெளியிட்ட ஆய்விலும் அப்படியே. ஒரு வார நச்சுநீக்கம் முடிந்த பிறகே பயிற்சி. இரண்டு வாரத்தில் மனச்சோர்வும், மன அழுத்தத்தில் சுரக்கும் கார்டிசால் அளவும் குறைந்தன.

ஆக, கை நடுங்கிக்கொண்டே முகாமுக்குப் போவது தப்பு. முதல் மாதங்களில் தூக்கம் சீராக இருக்காது. அந்த நிலையில் பத்து நாள் மௌனம் குற்றவுணர்வையெல்லாம் ஒரேயடியாக மேலே கொண்டுவரும். இரண்டாம் நாளோ ஆறாம் நாளோ பையைத் தூக்கிக்கொண்டு கிளம்பி, பேருந்து நிலையத்துக்குப் பக்கத்துக் கடையில் முடிகிறது. குரல் கேட்பது, தற்கொலை எண்ணம், தீவிர மனச்சோர்வு இருந்தவர்கள் மருத்துவரைக் கேட்காமல் போகவே கூடாது. விண்ணப்பத்தில் குடிப்பழக்கத்தையும் மாத்திரைகளையும் மறைக்காமல் எழுத வேண்டும்.

நம்மவர்களுக்கு இன்னொரு சிக்கல். முகாமின் பத்து நாளும் ஜபம், பூஜை, உபவாசம் எல்லாவற்றையும் நிறுத்திவைக்க வேண்டும். ஜபமாலை, தாயத்து போன்றவற்றைக் கொண்டுபோகக் கூடாது. எனவே ஐயப்ப விரதத்துக்குள் விபஸ்ஸனா முகாமைப் போட்டுக்கொள்ள முடியாது. தை பிறந்த பிறகு பார்க்கலாம். அதையும் முதல் ஆறு மாதம் குடிக்காமல் கடந்த பிறகு பார்ப்பது நல்லது. வீட்டுக்கு வந்து காலை ஒரு மணி நேரம், மாலை ஒரு மணி நேரம் உட்காராவிட்டால் கற்றது சில வாரத்தில் கரையும். மாலை அமர்வை ஆறரைக்கு வைத்துக்கொள்ளுங்கள். காரணம் மேலே சொன்னதுதான்.

கயிறும் மறைமருந்தும்

கோயிலில் குடிக்க மாட்டேன் என்று கயிறு கட்டிக்கொள்வது மாலையின் சிறிய வடிவம். பயம் இருக்கும்வரை நிற்கும். கட்டுவதில் கெடுதல் இல்லை. ஆனால் "தெரியாமல் சாப்பாட்டில் கலந்து கொடுங்கள், குடி மறந்துவிடும்" என்று விற்கும் பொடியை வாங்காதீர்கள். அதில் டைசல்ஃபிராம் என்ற மருந்து இருந்தால், விவரம் அறியாதவர் அதன்மேல் குடிக்கும்போது முகம் சிவந்து, வாந்தி எடுத்து, ரத்த அழுத்தம் சரிந்து மாரடைப்புவரை போகலாம். கடைசி வேளைக்குப் பிறகும் இரண்டு வாரம்வரை அதன் வீரியம் இருக்கும். நோயாளியே சம்மதித்து, மருத்துவர் பார்வையில் எடுத்தால்தான் அது மருந்து.

பிரார்த்தனையால் குணமாக்குகிறோம் என்று ஆளைப் பூட்டிவைக்கும் இடங்களும் வேண்டாம். ராமநாதபுரம் மாவட்டத்து ஏர்வாடியில் அப்படியொரு காப்பகத்தில் 2001 ஆகஸ்ட் 6 அன்று தீப்பிடித்தபோது சங்கிலியில் கட்டப்பட்டிருந்த மனநோயாளிகள் தப்ப வழியின்றி 28 பேர் இறந்தார்கள். 2017-ஆம் ஆண்டு மனநலப் பராமரிப்புச் சட்டம் சங்கிலியால் கட்டுவதைத் தடைசெய்கிறது. மது, போதைப் பழக்கத்தோடு வரும் மனநிலைகளும் அந்தச் சட்டத்துக்குள் வருகின்றன. மறுவாழ்வு மையம் எதுவானாலும் பதிவுச் சான்றைக் கேளுங்கள். மருத்துவர் எந்த நாள் வருவார், வீட்டார் எப்போது பார்க்கலாம் என்றும் கேளுங்கள். பதில் மழுப்பலாக வந்தால் திரும்பிவிடுங்கள்.

யார் எதை எடுப்பது

சாமி பக்தி உள்ளவர், வீட்டார் துணை உண்டு, கார்த்திகையும் பக்கத்தில் என்றால் மாலை போட்டுத் தொடங்கலாம், கூட்டத்தில் தொடர வேண்டும். அறையெடுத்துத் தங்கி வேலை பார்ப்பவர், குடும்பம் தள்ளி இருப்பவர், சாமி நம்பிக்கை இல்லாதவர் நேராகக் கூட்டத்துக்கே போகலாம். அவர்களுக்கு வேண்டியது இரவு ஒன்பது மணிக்கும் தொலைபேசியை எடுக்கும் ஒரு மனிதர். குடிக்கும் பெண்களுக்குத் தயக்கம் இரட்டிப்பு. பெண்களுக்கான கூட்டமோ இணையவழிக் கூட்டமோ இருக்கிறதா என்று விசாரித்துத் தொடங்குவது எளிது. குடியை விட்டு ஓராண்டாகியும் எரிச்சல், தூக்கமின்மை, சிடுசிடுப்பு போகவில்லை என்பவருக்குத்தான் மௌனம் பொருத்தம். இப்படிப்பட்டவரை ஏஏ-யில் குடிக்காத குடிகாரர் என்பார்கள். மூன்றில் ஒன்றை மட்டும்தான் எடுக்க முடியும் என்றால், கூட்டத்தை எடுங்கள்.

இடையில் ஒருநாள் வழுக்கிவிட்டால் மூன்று வழியும் மூன்று விதமாக நடத்தும். மாலை போட்டவருக்கு அது விரதபங்கம். "இனி கெட்டதுதானே, இன்னொரு குவார்ட்டர்" என்று மனம் சொல்லும். மார்லட் தன் ஆய்வுகளில் மிக ஆபத்தான எண்ணமாகக் கண்டது இதைத்தான்: முதல் கிளாஸைவிட, அதன்பின் வரும் "எல்லாம் போச்சு" என்ற நினைப்பு அதிகம் வீழ்த்துகிறது. தியானத்தில் கேட்க ஆள் இல்லை. கூட்டத்தில் அது மறுபடி முதல் நாள், கைதட்டி உட்காரவைப்பார்கள். வழுக்கியவர் செய்ய வேண்டியது மீதிப் பாட்டிலைக் கொட்டுவது, ஸ்பான்சரை அழைப்பது, மறுநாள் கூட்டத்தில் உட்கார்வது. பல நாள் தொடர்ந்து குடித்துவிட்டிருந்தால் மறுபடியும் முதலில் மருத்துவர். ஆள் யாரும் இல்லையென்றால் போதை மீட்புக்கான தேசிய இலவச எண் 14446, மனநல உதவிக்கு 14416. அடுத்த கார்த்திகைவரை காத்திருக்க வேண்டாம்.